தென்னம்பாளையைத் தேடி வரும் கணவாய்

மேரு சந்தையில் மீன் விற்கும் வரிசைக்குப் போனால் பெரும்பாலும் மூன்று வகை சோத்தோங்கைப் பார்க்கலாம். நீளமாக, அம்பு முனை போன்ற துடுப்புடன் இருப்பது ஊசிக்கணவாய். உடல் அகன்று தடித்து, முதுகுக்குள் ஒரு வெள்ளை ஓட்டை ஒளித்து வைத்திருப்பது ஓட்டுக்கணவாய். மலாய்க்காரர்கள் இதைச் சோத்தோங் காத்தாக், அதாவது தவளைச் சோத்தோங் என்பார்கள். எட்டுக் கைகளுடன் பை போலச் சுருண்டு கிடப்பது பேய்க்கணவாய், சோத்தோங் குரித்தா. மீன்காரர் மூன்றையும் கணவாய் என்றே சொல்லி நிறுத்துத் தருவார். சம்பலில் போட்டபிறகு நமக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

உயிரியலில் இவற்றுக்குத் தலைக்காலிகள் என்று பெயர். தலையிலிருந்தே கால்கள் முளைத்திருப்பதால் அந்தப் பெயர். மாணவர்களே, இவை மீன்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நத்தை, சிப்பி, கெராங் இவற்றின் உறவினர்கள், மெல்லுடலிகள். ஏறக்குறைய 800 இனங்கள் உலகக் கடல்களில் வாழ்கின்றன. மூன்று இதயங்கள், நீல நிற இரத்தம், கண் இமைக்கும் நேரத்தில் நிறம் மாறும் தோல் என்று இவற்றைப் பற்றி வியக்கப் பல விஷயங்கள் உண்டு. நரம்புக் கணத்தாக்கம் எப்படிப் பயணிக்கிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1963-இல் நோபல் பரிசு பெற்றதும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்துத்தான். ஆனால் இன்று நாம் பார்க்கப் போவது வேறு ஒரு கேள்வி. கடலில் எத்தனை கணவாய் இருக்கிறது, அதில் எத்தனையைப் பிடிக்கலாம் என்பதை ஒரு கடல் உயிரியலாளர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

ஒரு கிழவிக்கு வயது நூறு நாள்

முதலில் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தை வெட்டினால் வளையங்களை எண்ணலாம். மீன் என்றால் செதிலிலோ செவிக்கல்லிலோ வளையங்கள் இருக்கும். கணவாய்க்குச் செதில் கிடையாது. ஆனால் அதன் தலைக்குள், உடல் சமநிலையை உணரும் உறுப்பில், சுண்ணாம்பால் ஆன இரண்டு சிறு கற்கள் உள்ளன. சமநிலைக்கல் என்று சொல்லலாம். பெரிய கணவாயிலும் இது ஓரிரு மில்லிமீட்டர்தான், மணல் துகள் அளவு. இதைப் பக்குவமாக எடுத்து, தேய்த்து மெல்லியதாக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே வெங்காயத் தோல் போல வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் ஒரு நாள்.

ஒரு வளையம் ஒரு நாள்தான் என்பதை எப்படி நம்புவது? நல்ல கேள்வி. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. உயிருள்ள கணவாய்க்கு டெட்ராசைக்ளின் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். அன்று படியும் சுண்ணாம்பில் அந்த மருந்து சேர்ந்துகொள்ளும். புற ஊதா ஒளியில் பார்த்தால் அந்த வளையம் மட்டும் ஒளிரும். பிறகு கணவாயைத் தொட்டியில் சில நாள் வளர்த்து, ஒளிரும் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையங்கள் புதிதாகச் சேர்ந்துள்ளன என்று எண்ணுவார்கள். பத்து நாள் வளர்த்திருந்தால் பத்து வளையம் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் 1990-ஆம் ஆண்டுவாக்கில் வெப்பமண்டலக் கணவாய்களின் கற்களை இப்படி எண்ணினார். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று நம் கடலிலும் இருக்கும் பெரிய துடுப்புக் கணவாய், சோத்தோங் மெங்காபாங். கிடைத்த விடை பலரை யோசிக்க வைத்தது. நன்றாக வளர்ந்து, முட்டையிடத் தயாரான கணவாய்க்கு 200 நாள் கூட ஆகவில்லை! அதற்குமுன் உடல் நீளத்தை மட்டும் அளந்து கணக்குப் போட்டவர்கள், இவை இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும் என்று எண்ணியிருந்தார்கள்.

இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. ஒரு மீன் பத்து ஆண்டு வாழ்ந்தால், இந்த ஆண்டு குஞ்சு பொரிப்பது பொய்த்தாலும் அடுத்த ஆண்டு அதே தாய் மறுபடி முட்டையிடும். கணவாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. பெரும்பாலான கணவாய்கள் ஒரே ஒரு இனப்பெருக்கப் பருவத்தோடு இறந்துவிடும். அடுத்த ஆண்டு கடலில் நீந்தப் போகும் கணவாய் எல்லாம் இந்த ஆண்டு இடப்பட்ட முட்டைகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். பாட்டி, தாத்தா, அப்பா, அம்மா யாரும் இல்லாத வீடு போல, கணவாய்க் கூட்டத்தில் எந்த நாளிலும் ஒரு தலைமுறைதான் இருக்கும். சேமிப்புக் கணக்கே இல்லாமல் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலிருந்து மங்களூர் வரை

இந்தியாவில் இந்த ஆய்வுகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது தொடங்கிய இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் இருந்த ஊர் அது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறிய கதையைக் கேட்ட உங்களுக்கு அந்த முகாம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளில் அங்கே குடியேறியது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறினாலும் மண்டபத்தில் அதன் ஆய்வு மையம் தொடர்ந்து இயங்குகிறது.

1954-இல் அந்த நிலையத்தைச் சேர்ந்த கே. வீரபத்ர ராவ், பாக் விரிகுடாக் கணவாயின் வாழ்க்கையையும் அதைப் பிடிக்கும் தொழிலையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் ஆராய்ந்த இனம், மேலே சொன்ன அதே பெரிய துடுப்புக் கணவாய்தான். அப்போது கணவாயைப் பெரிதாக யாரும் மதித்ததில்லை. தூண்டிலுக்கு இரையாகவும் ஏழைகளின் குழம்புக்காகவும்தான் பயன்பட்டது. 1970களில் நிலைமை மாறியது. ஜப்பானும் ஐரோப்பாவும் உறையவைத்த கணவாயை வாங்கத் தொடங்கின. இறால் பிடிக்கப் போன இழுவைப் படகுகள் கணவாயையும் கவனமாகக் கரைக்குக் கொண்டுவந்தன. சில ஆயிரம் டன் கூடத் தேறாத பிடிப்பு, அண்மை ஆண்டுகளில் இந்தியா முழுவதும் சேர்த்து 200,000 டன்னைத் தாண்டும் அளவுக்கு வளர்ந்தது. 1980களின் நடுவில் இந்தியக் கடல்களின் தலைக்காலிகளைப் பற்றி அந்த நிலையம் ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் இ. ஜி. சைலஸ்.

அதன் பிறகு வந்தவர்களில் குறிப்பிட வேண்டியவர் கே. சுனில் முகமது. பின்னாளில் அந்த நிலையத்தின் மெல்லுடலி மீன்வளப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். இளம் ஆய்வாளராக மங்களூரில் வேலை செய்தபோது அவர் இழுவைப் படகுகள் கொண்டுவந்த ஊசிக்கணவாய்களை அளந்தார். 1993-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மங்களூர், மல்பே துறைமுகங்களுக்கு அப்பால் அரபிக்கடலில் ஊசிக்கணவாய்கள் முட்டையிடக் கூட்டமாகக் கூடும் இடங்களைப் பற்றியது. சாதாரண நாளில் கணவாய் கடலெங்கும் சிதறிக் கிடக்கும். முட்டையிடும் காலத்தில் ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் திரளும். அந்த இடத்தை ஒரு படகு கண்டுபிடித்துவிட்டால் போதும், துறைமுகத்தில் இருக்கும் அத்தனை படகுகளும் மறுநாள் அங்கே நிற்கும்.

ஆய்வாளரின் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆழ்கடலில் மூழ்குவதும் நீர்மூழ்கியில் போவதும் தொலைக்காட்சியில் பார்க்க நன்றாக இருக்கும். மீன்வள உயிரியலாளரின் காலை பெரும்பாலும் மீன் இறங்குதளத்தில், ஐஸ் தண்ணீரில் நின்றபடி, ஓர் அளவுகோலுடன் விடியும். கணவாயின் தலையையும் கைகளையும் கணக்கில் எடுக்காமல், உடலின் முதுகுப்புற நீளத்தை மட்டும் அளப்பார்கள். கைகள் இழுத்தால் நீளும். அளவு நிலையாக இராது. எடை, ஆணா பெண்ணா, முட்டைப்பை எந்த நிலையில் உள்ளது, வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். வயிற்றில் பல நேரம் இன்னொரு கணவாயின் துண்டு கிடைக்கும். தன் இனத்தையே தின்பதில் கணவாய்க்குத் தயக்கம் இல்லை. மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் இந்த வேலை நடக்கும். சலிப்பான வேலைதான். ஆனால் அந்த எண்கள் இல்லாவிட்டால் கடலில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாளை கட்டிய பொறி

இனி தென்னம்பாளை கதைக்கு வருவோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

ஓட்டுக்கணவாய்களில் பெரியது ஃபாரோ கணவாய். 1831-இல் ஏரன்பெர்க் என்ற ஜெர்மானியர் செங்கடலிலிருந்து இதை விவரித்ததால் எகிப்திய மன்னர்களின் பெயர் ஒட்டிக்கொண்டது. உடல் மட்டும் 40 செ.மீ. வரை வளரும், எடை 5 கிலோவைத் தொடலாம். இதன் முதுகு ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்கள். கிளிக் கூண்டிலும் தொங்கவிடுவார்கள். ஓட்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு அறைகள் இருக்கும். அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துக் கணவாய் மேலே எழும், கீழே இறங்கும்.

இந்தத் தாய்க்கணவாய்க்கு ஒரு கட்டாயம் உண்டு. முட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிட முடியாது. ஒவ்வொரு முட்டையையும் ஏதாவது ஒன்றில் ஒட்டவைக்க வேண்டும். பவளக் கிளை, கடல் விசிறி, பாறை, மூழ்கிய மரம் எதுவாக இருந்தாலும் சரி. சேறும் மணலுமான கடல் தரையில் அப்படிப்பட்ட பிடிமானம் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் தூண்டில் மீன்பிடியில் பெயர் பெற்றவர்கள். படகெடுத்து கேரளா, கர்நாடகம், கோவா என்று மேற்குக் கரை முழுவதும் போவார்கள். கணவாயின் இந்தக் கட்டாயத்தை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். காய் பறித்த தென்னம்பாளைகளையும் மட்டைகளையும் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து, மணல் மூட்டையை நங்கூரமாக்கி, 2000களில் கர்நாடகக் கடலில் இறக்கத் தொடங்கினார்கள். சில நாள் கழித்து வந்து பார்த்தால் பாளையைச் சுற்றிப் பெரிய பெரிய கணவாய்கள் கூடியிருக்கும். தூண்டிலைப் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வலையில் நசுங்காத, முழுசான, பெரிய கணவாய். ஏற்றுமதியாளர் நல்ல விலை கொடுப்பார். திரெங்கானு மீனவர்கள் தென்னை ஓலை கட்டி இறக்கும் உஞ்சாமைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும்.

உள்ளூர் இழுவைப் படகுக்காரர்களுக்குக் கோபம் வந்தது. மணல் மூட்டையும் கயிறும் தங்கள் வலையைக் கிழிக்கின்றன, தங்களுக்கு வர வேண்டிய கணவாயை வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். தூண்டில்காரர்கள், தங்கள் முறை பாரம்பரியமானது, கடல் தரையைச் சுரண்டும் இழுவை வலையைவிட எவ்வளவோ மேல் என்றார்கள். இந்தச் சண்டையில் நீங்கள் யார் பக்கம்? பெரும்பாலோர் தூண்டில்காரர் பக்கம் நிற்பார்கள். சிறு படகு, கைத்தூண்டில், தென்னம்பாளை. பார்ப்பதற்கு இயற்கையோடு இணைந்த தொழில்.

மங்களூரில் கீதா சசிகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இரு தரப்பின் பிடிப்பையும் அளந்து பார்த்தார்கள். இழுவைப் படகில் எல்லா அளவுக் கணவாய்களும் இருந்தன, குட்டிகளும் நிறைய. பாளைக்கு அடியில் பிடிபட்டவை ஏறக்குறைய எல்லாமே முட்டையிட வந்த பெரிய கணவாய்கள். அதாவது, தாய் பிரசவத்துக்கு வந்த இடத்திலேயே பிடிபடுகிறாள். சில தாய்கள் பிடிபடும் முன் பாளையில் முட்டைகளை ஒட்டியிருக்கும். ஆனால் பாளையை வெளியே இழுத்துப் போட்டால் அந்த முட்டைகளும் வெயிலில் காய்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் 1,000 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். கணவாய்க் கூட்டம் கூடாமல் குறையாமல் இருக்க, அந்த 1,000-இல் இரண்டு மட்டும் பெரிதாகி முட்டையிட்டால் போதும். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. மீதி 998-ஐ மீன், கணவாய், நோய், பசி இவை எடுத்துக்கொள்ளும். ஆகவே குட்டிக் கணவாய் ஒன்றைப் பிடித்தால், அது எப்படியும் இறந்திருக்கக்கூடியதாக இருக்கலாம். முட்டையோடு நிற்கும் தாயைப் பிடித்தால், எல்லா ஆபத்துகளையும் தாண்டி வந்த அந்த அரிய ஒன்றையே எடுத்துவிடுகிறோம்.

அதற்காக இழுவை வலையை விட்டுவிட முடியாது. அதன் குற்றம் வேறு மாதிரி. 50 கிராம் குட்டியை இன்று பிடித்தால், சில மாதம் கழித்து அது தந்திருக்கக்கூடிய கிலோக்கணக்கு எடை வீணாகிறது. எண்ணிக்கையும் மிக அதிகம். வளர விடாமல் பிடிப்பது ஒரு வகை மிகைப்பிடிப்பு. பெருக விடாமல் பிடிப்பது இன்னொரு வகை. மீன்வள அறிவியல் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. ஓராண்டு வாழும் உயிருக்கு இரண்டாவது வகை மிகவும் ஆபத்தானது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டுக்கு மிஞ்சி நிற்க வேறு தாய் இல்லை, பாருங்கள்.

தூண்டில்காரரைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரில் பிடிப்பு குறைந்ததால்தான் அவர்கள் வீட்டைவிட்டுப் பல நூறு கிலோமீட்டர் போகிறார்கள். கணவாயின் நடத்தையை ஆய்வகத்துக்கு முன்பே கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். தாய்க்கணவாய் பாளைக்கு வரும் என்ற அதே அறிவை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். பாளைகளைக் கட்டி இறக்கிவிட்டு, முட்டை பொரியும் வரை யாரும் தொடாமல் விட்டால் அது பொறி அல்ல, நாற்றங்கால். கேரளத்தின் விழிஞ்ஞம் ஆய்வு மையத்தில் எம். கே. அனிலும் குழுவினரும் ஃபாரோ கணவாயைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டை பொரியும். வெளியே வரும் குஞ்சு அம்மாவின் அச்சாக, விரல் நகம் அளவில், பிறந்த உடனே நிறம் மாற்றவும் மை கக்கவும் தெரிந்ததாக இருக்கும். இரண்டு வாரம் பாளையைத் தொடாமல் இருப்பது முடியாத காரியமா? ஒருவர் விட்டால் மற்றவர் எடுத்துக்கொள்வாரே என்ற பயம்தான் தடை. அதற்கு உயிரியல் விடை கிடையாது. மீனவர்கள் கூடிப் பேசி, அரசு துணை நின்று செய்ய வேண்டிய ஏற்பாடு.

எட்டு சென்டிமீட்டர் சட்டம்

சில இடங்களில் ஆய்வாளரின் அளவுகோல் சட்டமாகவே மாறியிருக்கிறது. எந்த நீளத்தில் ஓர் இனம் முதன்முதலில் முதிர்ச்சி அடைகிறது என்று கண்டுபிடித்து, அதற்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்று சுனில் முகமதும் மற்றவர்களும் பரிந்துரைத்தார்கள். கேரள அரசு அதை ஏற்றுப் பல இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்தது. மத்தி மீனுக்கு 10 செ.மீ., ஊசிக்கணவாய்க்கு உடல் நீளம் 8 செ.மீ. இதைத் தவிர இந்தியாவின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு மாதம் மீன் விலை ஏறுவதை அங்கே உறவினர் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உலக அளவில் இன்னொரு புதிர் இருக்கிறது. 2016-இல் ஸோயி டபிள்டே என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் குழுவினரும் 1953 முதல் 2013 வரையிலான தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உலகின் பல கடல்களில் தலைக்காலிகள் பெருகி வருவது தெரிந்தது. காரணம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம். கணவாயைத் தின்னும் பெரிய மீன்களை மனிதர்கள் பிடித்துக் குறைத்துவிட்டார்கள்; கடல் சூடாவதால் குறுகிய ஆயுள் உள்ள உயிர்கள் வேகமாக வளர்கின்றன. அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். உலகக் கணவாய்ப் பிடிப்பு 2014-இல் ஏறக்குறைய 4.8 மில்லியன் டன் என்ற உச்சத்தைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் அது மில்லியன் டன்னுக்கும் மேல் சரிந்தது. வேகமாகப் பெருகும் உயிர் வேகமாகச் சரியவும் செய்யும்.

நம் நாட்டில் கணவாய் என்றாலே திரெங்கானுவின் சண்டாட் சோத்தோங் நினைவுக்கு வரும். ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை இரவில் விளக்கைப் போட்டு, பல முள் கொண்ட தூண்டிலால் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளும் போகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போனால் பிடிபட்ட கணவாய்களில் எத்தனை முட்டையோடு இருக்கின்றன என்று பாருங்கள். படகோட்டியிடம் கேட்டாலும் சொல்வார். அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்.

திரெங்கானு வரை போக முடியாதவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம். அம்மா ஊசிக்கணவாய் வாங்கி வந்தால், சுத்தம் செய்யும் முன் பத்தை எடுத்துத் தட்டில் வரிசையாக வையுங்கள். துடுப்பின் முனையிலிருந்து கழுத்து வரை முதுகுப்புறம் அளந்து எழுதுங்கள். பிறகு வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் வெட்டித் திறங்கள். உள்ளே இரண்டு வெள்ளை நிறத் தடித்த பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது பெண். பலர் அதை முட்டை என்று நினைப்பார்கள். உண்மையில் அது முட்டைகளைச் சுற்றிப் பாதுகாப்பு உறை போடும் சுரப்பி. அது உடலின் பெரும்பகுதியை அடைத்துப் பருத்திருந்தால் அந்தக் கணவாய் முட்டையிடத் தயாராக இருந்தது. மெல்லியதாக, நூல் போல இருந்தால் இன்னும் காலம் இருந்தது. மைப்பையைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பள்ளிச் சட்டையில் பட்டால் போகாது. தேதி, சந்தை, நீளம், ஆணா பெண்ணா, சுரப்பியின் அளவு என்று ஐந்து கட்டம் போட்டுக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் ஆண்டு முடிவில் உங்கள் கையில் 120 கணவாய்களின் பதிவு இருக்கும். எந்த மாதத்தில் முதிர்ந்த பெண் கணவாய்கள் அதிகமாக வந்தன என்பதை ஒரு பட்டை வரைபடமாக வரையலாம். அறிவியல் விழாவுக்கு அது போதும்.